கட்டுவிரியனா, ஓநாய்ப் பாம்பா? வீட்டைச் சுற்றி வாழும் பாம்புகளைத் தெரிந்துகொள்வது

மழைக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்துக் குடியிருப்போர் வாட்ஸ்ஆப் குழுக்களில் பாம்புப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். தாம்பரத்தைத் தாண்டிச் செங்கல்பட்டு வரைக்கும் ஏரிக்கரையையும் வயலையும் ஒட்டி எழும்பியிருக்கும் நகர்களில் இது வருஷா வருஷம் நடப்பதுதான். படத்தில் இருப்பது அநேகமாகச் செத்த பாம்பு, தலை நசுங்கி, பக்கத்தில் ஒரு கட்டையோடு. "கட்டுவிரியன், கொடிய விஷம், பிள்ளைகளை வெளியே விடாதீர்கள்" என்று ஒருவர் கீழே போட, மற்றவர்கள் அதை அடுத்தடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுவார்கள். நான் பார்த்தவரை அப்படி வரும் படங்களில் பெரும்பாலானவை ஓநாய்ப் பாம்பும் தண்ணீர்ப் பாம்பும்தான். இரண்டுக்குமே மனிதரைக் கொல்லும் விஷம் கிடையாது.

பாம்பைப் பற்றிய பேச்சுக்கு நம் ஊரில் குறைவே இல்லை. பழிவாங்கும், பால் குடிக்கும், கண்ணைக் கொத்தும், கடித்தவரைச் சுடுகாடு வரைக்கும் பின்தொடரும் என்று ஆளுக்கு ஒரு கதை. ஆனால் எந்தப் பாம்பு எந்த நேரத்தில் நடமாடும், பகலில் எங்கே படுத்திருக்கும், யாரை, எந்த நிலையில் கடிக்கிறது என்று யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? உயிரைக் காப்பாற்றுகிற விவரம் அதுதான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் கால்வாசிக்கும் மேல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். இறப்பில் பெரும்பகுதி கிராமத்தில், அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே நடந்தது. அதிக இறப்பு உள்ள எட்டு மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாடு இல்லை என்பது ஓரளவு ஆறுதல், ஆனாலும் டெல்டா விவசாயியிடமோ வேலூர்ப் பக்கத்துச் செங்கல் சூளைத் தொழிலாளியிடமோ இதைச் சொல்லி நிம்மதியாக இருக்கச் சொல்ல முடியாது.

இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பாம்பு இனங்கள் இருக்கின்றன. இதைக் கேட்டதும் பலருக்கு மலைப்பாகிவிடும், அத்தனையையும் எப்படிப் படிப்பது என்று. படிக்கவே வேண்டாம். நீங்கள் இருக்கும் ஊரில் கண்ணில் படக்கூடியவை பத்துப் பன்னிரண்டு வகைக்குள் அடங்கிவிடும். வட தமிழகச் சமவெளி என்றால் உயிருக்கு ஆபத்தானவை நான்கே நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்கையும், ஒவ்வொன்றாகவும் நம் கண்ணுக்குத் தவறாகத் தெரிகிற விஷமில்லாத பாம்பு எது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொண்டால் போதும், மிச்சமெல்லாம் ஆர்வத்தைப் பொறுத்தது.

முதலில் கட்டுவிரியன். பேர்தான் விரியனே தவிர இது நல்ல பாம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதனால்தான் இதன் விஷம் ரத்தத்தைத் தொடாமல் நேராக நரம்பைத் தாக்குகிறது. நல்ல கறுப்பு அல்லது நீலம் கலந்த கறுப்பு உடம்பு, எண்ணெய் தடவிய மினுமினுப்பு, குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள். சில ஊர்களில் எண்ணெய் விரியன் என்றே இதைச் சொல்வார்கள். ஓநாய்ப் பாம்பும் (வெள்ளிக்கோல் வரையன் என்றும் சொல்வதுண்டு) குறுக்குப் பட்டை உள்ளதுதான், அதனால்தான் இத்தனை குழப்பம். ஆனால் பட்டை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஓநாய்ப் பாம்புக்குக் கழுத்திலேயே, தலைக்குப் பின்னால் ஒரு காலர் வைத்த இடத்தில் தொடங்கி, முன்பக்கம் அகலமாகவும் பளிச்சென்றும் இருந்து, வாலை நோக்கிப் போகப் போக மங்கி மறைந்துவிடும். வளர்ந்த கட்டுவிரியனுக்கு இது அப்படியே தலைகீழ். தலையும் கழுத்தும் வெறும் கறுப்பு, கொஞ்ச தூரம் தள்ளித்தான் கோடுகள் ஆரம்பிக்கும், அதுவும் பெரும்பாலும் இரண்டு இரண்டாக, வால் நுனி வரை தெளிவாகப் போகும். குட்டிக் கட்டுவிரியனுக்கு முன்பக்கமும் கோடு இருக்கலாம், ஆகவே சின்னப் பாம்புகளில் இந்த ஒரு அடையாளத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். உடம்பின் நிறம் இன்னொரு குறிப்பு: ஓநாய்ப் பாம்பு பழுப்பு அல்லது சாம்பல் கலந்த பழுப்பு, கட்டுவிரியனின் அடர்ந்த கறுப்பு அதற்கு வராது. நல்ல புகைப்படம் கிடைத்தால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம். கட்டுவிரியனின் நடுமுதுகில் ஒரே வரிசையாக அறுகோண வடிவச் செதில்கள், பக்கத்துச் செதில்களைவிடப் பெரிதாக, தலையிலிருந்து வால் வரை ஓடும். ஓநாய்ப் பாம்பில் எல்லாச் செதிலும் ஒரே அளவு.

நடத்தையிலும் வித்தியாசம் உண்டு. சுவரில் ஏறி, ஜன்னல் விளிம்பில், ட்யூப்லைட் பக்கத்தில் பல்லி பிடித்துக்கொண்டிருக்கிறதா? பெரும்பாலும் ஓநாய்ப் பாம்பாகத்தான் இருக்கும், பல்லிதான் அதற்குச் சாப்பாடு. கட்டுவிரியன் பொதுவாகத் தரைப் பாம்பு. சுவரோரமாக, கதவிடுக்கு வழியாக, எலி, பல்லி, மற்ற பாம்புகள் (ஆமாம், பாம்பு தின்னும் பாம்பு இது) என்று தேடிக்கொண்டு போகும். இதெல்லாம் இரவில். பகலில் செங்கல் அடுக்கிலோ எலி வளையிலோ சுருண்டு கிடக்கும், தொந்தரவு செய்தால்கூடத் தலையை உடம்புக்கடியில் மறைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும். இதைப் பார்த்துத்தான் சிலர் "சாதுவான பாம்பு" என்று கையில் எடுத்துவிடுகிறார்கள். அந்தத் துணிச்சல் உயிரைக் கேட்டுவிடும்.

ராத்திரியில்தான் விபரீதம். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் தூக்கத்தில் புரள்கிறார், அந்த வழியாகப் போன கட்டுவிரியன் கடிக்கிறது. பல் மிகச் சிறியது. வலி இருக்காது, வீக்கம் வராது, பல்தடம்கூடப் பல சமயம் தெரியாது. எறும்பு கடித்தது என்று நினைத்துத் திரும்பப் படுத்துவிடுவார்கள், சிலருக்குக் கடிபட்டதே தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, அப்புறம் இமை சொருகுகிறது, நாக்குக் குழறுகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, கடைசியில் மூச்சு. மழைக்காலத்தில் தரையில் படுத்து எழுந்தவருக்குக் காரணம் தெரியாத வயிற்றுவலியும் இமை சரிவும் வந்தால், கடியைப் பார்க்கவில்லை என்றாலும் முதலில் கட்டுவிரியனைத்தான் சந்தேகிக்க வேண்டும். "அஜீரணம், ஓமவாட்டர் கொடு" என்று நேரத்தைக் கடத்துவதில் போகிற உயிர்கள் மனதை மிகவும் வருத்துகின்றன, ஏனென்றால் நேரத்தோடு கொண்டுபோய் வென்டிலேட்டரில் வைத்துச் சில நாள் மூச்சைத் தாங்கிப் பிடித்தால் முழுசாகப் பிழைத்து வரக்கூடியவர்கள் இவர்கள். இதைத் தடுக்கிற வழியும் ரொம்ப எளிது. கட்டிலில் படுங்கள், கொசுவலையைக் கட்டி அதன் ஓரத்தைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகுங்கள். கொசுவலைக்குள் தூங்குபவர்களுக்குப் பாம்புக்கடி வெகுவாகக் குறைகிறது என்பதை நேபாளத்தின் தென்கிழக்குப் பகுதியில் நடந்த ஓர் ஆய்வு 2007-லேயே காட்டிவிட்டது.

அடுத்து கண்ணாடி விரியன். நாட்டில் பாம்புக்கடி இறப்புகளில் முதலிடம் இதற்குத்தான். தடித்த உடம்பு, கழுத்திலிருந்து நன்றாகப் பிரிந்து தெரியும் முக்கோணத் தலை, முதுகில் மூன்று வரிசையாகப் போகும் கரும்பழுப்பு நீள்வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் கறுப்புக் கரை, அதற்கு வெளியே மெல்லிய வெள்ளை விளிம்பு. கிட்டே போனால் பிரஷர் குக்கர் விசில் விடுவதற்கு முன் சீறுகிற மாதிரி நீளமாக, விடாமல் சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் அசையாமல் நின்று, அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் காலை எடுக்க வேண்டும். பிரச்சினை, எல்லா நேரமும் அது சத்தம் போடாது. நெல் வயலில், வரப்பில், காய்ந்த சருகில் அப்படியே கலந்து படுத்திருக்கும், ஆள் வருவது தெரிந்தாலும் விலகி ஓடாது. கடிபடுவது பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும், அறுவடையில் கதிரை அணைத்துப் பிடிக்கிற கையிலும். முட்டை இடாமல் குட்டி போடும் பாம்பு இது, ஒரே ஈற்றில் இருபது முப்பது குட்டிகள் சாதாரணம். ஓரிடத்தில் குட்டி ஒன்றைப் பார்த்துவிட்டால் அந்தப் பக்கம் இன்னும் சில இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குட்டிக்கும் விஷம் உண்டு.

இதோடு குழப்பிக்கொள்ளப்படுவது மண்ணுளிப் பாம்பு. அதுவும் தடியானது, அதுவும் பழுப்புத் திட்டு உள்ளது. ஆனால் மண்ணுளியின் திட்டுகளுக்கு ஒழுங்கான வடிவம் கிடையாது, ஒன்றோடொன்று ஒட்டி வளைந்து நெளிந்து போகும், தலை கழுத்திலிருந்து பிரிந்து தெரியாது, வால் சட்டென்று குட்டையாக முடிந்துவிடும். இது நக்கினால் குஷ்டம் வரும் என்று ஒரு நம்பிக்கை நம் ஊர்களில் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. குஷ்டம் பாக்டீரியாவால் வருவது, பாம்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதன் சொந்தக்காரனான செம்மண் நிறத்து இருதலை மணியன் படும் பாடு இன்னும் மோசம். வால் மொண்ணையாகத் தலை போலவே இருக்கும், எதிரி வந்தால் தலையை ஒளித்து வாலைக் காட்டும், அவ்வளவுதான் அதன் தந்திரம். அதை இரண்டு தலை என்று சொல்லி, வீட்டில் வைத்தால் பணம் கொட்டும், மருந்துக்கு ஆகும் என்று கதை கட்டி லட்சக்கணக்கில் பேரம் பேசிக் கடத்துகிறார்கள். வனத்துறை அவ்வப்போது பிடிக்கிற கடத்தல் வழக்குகளில் இந்தப் பரிதாபமான எலிபிடிப் பாம்பு திரும்பத் திரும்ப வருகிறது.

சுருட்டை விரியன் வறண்ட நிலத்துப் பாம்பு. ராமநாதபுரம், தூத்துக்குடி மாதிரியான காய்ந்த மண், கல்லும் கற்றாழையும் கிடக்கும் மேடு. அளவு ஒரு அடி, ஒன்றரை அடிதான். சுருண்டுகொண்டு தன் செதில்களையே ஒன்றோடொன்று தேய்த்து 'சரசர' என்று சத்தம் எழுப்பும். தலையில் அம்புமுனை வடிவத்தில் ஒரு வெளிறிய குறி. சின்னதுதானே என்று அலட்சியம் வேண்டாம்.

நல்ல பாம்பை எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம், படமெடுத்தால் தெரியும், உண்மைதான். எடுக்காவிட்டால்? பழுப்பு, கோதுமை நிறம், கறுப்பு என்று பல நிறங்களில் இருக்கும், படத்தின் பின்பக்கக் குறி சிலவற்றில் மங்கலாக இருக்கும். படமெடுக்காமல் வேகமாக ஓடும் பெரிய பாம்பு எதைப் பார்த்தாலும் நல்ல பாம்பு என்று அடிப்பதில் சாகிறது பாவம் சாரைப்பாம்பு. சாரைக்குக் கண் பெரிது, தலை நீளவாக்கில் குறுகியது, உதட்டுச் செதில்களுக்கு நடுவே செங்குத்தாகக் கறுப்புக் கோடுகள் தெரியும். இந்த உதட்டுக் கோட்டைக் கவனித்துவிட்டீர்கள் என்றால் அதற்கப்புறம் சந்தேகம் வராது. ஏழு அடி வரைக்கும் சாதாரணமாக வளரும், பட்டப்பகலில் திரியும், மாட்டிக்கொண்டால் கழுத்தை உப்பி உறுமும், அதைப் படமெடுப்பதாக நினைத்துவிடுகிறார்கள். எலி வளைக்குள்ளேயே நுழைந்து எலியைப் பிடிக்கும் பாம்பு இது. நெல் விளைகிற ஊரில் சாரையை அடிப்பது நம் களத்தை நாமே எலிக்குக் குத்தகை விடுவதாகும்.

சாரை ஆண், நல்ல பாம்பு பெண், இரண்டும் பிணையும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு நிமிர்ந்து எழுவதைப் பார்த்தவர்கள் அதன்மேல் துணி போட்டு எடுத்து வைத்துக்கொண்டால் அதிர்ஷ்டம் என்பதும் உண்டு. சாரையும் நாகமும் வேறு வேறு குடும்பம், இணை சேர வழியே இல்லை. நாம் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் பலப்பரீட்சை. பெண்ணுக்காக நடக்கிற போட்டி, ஒருவர் தலையை மற்றவர் தரைக்கு அழுத்தப் பார்ப்பார்கள், கடித்துக்கொள்ள மாட்டார்கள், தோற்றவர் விலகிப் போய்விடுவார். தூர நின்று பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள், சமவெளியில் காணக் கிடைக்கும் மிக அழகான காட்சிகளில் அதுவும் ஒன்று.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்துவதில்லை. அதற்கு லேசான விஷம் உண்டு, பல் வாயின் பின்பக்கம் இருக்கிறது, ஓணானையும் பல்லியையும் மயக்குவதற்குத்தான் அது போதும். கொம்பேறி மூக்கன் முதுகில் வெண்கல நிறப் பட்டை ஓடும் ஒல்லியான மரப்பாம்பு, விஷமே கிடையாது, அதன்மேல் சுமத்திய சுடுகாட்டுக் கதை எப்படித்தான் வந்ததோ. தண்ணீர்ப் பாம்பு குளம், கால்வாய், வயல் எங்கும் இருக்கும், உடம்பில் சதுரங்கக் கட்டம் மாதிரிப் புள்ளிகள், பிடித்தால் கோபமாகக் கடிக்கும், ரத்தம் வரும், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. மழை நாளில் குளியலறைச் சாக்கடை வழியாக வரும் அரையடிக் கறுப்பு 'மண்புழு' வேகமாக நெளிந்து நாக்கை நீட்டினால் அது குருட்டுப் பாம்பு, செவிப்பாம்பு என்றும் சொல்வார்கள். காதுக்குள் போகும் என்ற பயம் வேண்டாம், அது தேடுவது எறும்பு, கரையான்களின் முட்டையை. இந்த இனத்தில் ஆணே கிடையாது, அத்தனையும் பெண், இணை சேராமலே முட்டையிடும். ஒரே ஒரு பாம்பு பூந்தொட்டி மண்ணோடு கப்பலேறினால் போதும், போன இடத்தில் குடும்பம் பெருகிவிடும், அப்படித்தான் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது.

இதுவரை சொன்னது சமவெளிக் கணக்கு. நீலகிரி, வால்பாறை, கன்னியாகுமரி மலைப்பக்கம் இருப்பவர்களுக்குப் பட்டியலே வேறு. அங்கே தேயிலைச் செடியிலும் மூங்கிலிலும் குழிவிரியன்கள் உண்டு. மண்ணுக்குள் வாழும், வால் நுனி கேடயம் போல வெட்டுப்பட்ட பாம்புக் குடும்பம் ஒன்று தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்குமே கிடையாது. இலைகளைக் குவித்துக் கூடு கட்டி முட்டையைக் காக்கும் ராஜநாகமும் அங்கேதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் ராஜநாகம் தனி இனம் என்று 2024-ல்தான் ஆய்வாளர்கள் பிரித்து அறிவித்தார்கள். கடற்கரையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: துடுப்பு போலத் தட்டையான வால் உள்ள கடல்பாம்பு வலையில் வந்தால் வெறுங்கையால் எடுத்து வீசாதீர்கள், விஷம் கடுமை.

பாம்பைப் பற்றி இந்த மண்ணில் உண்மையான அறிவு யாரிடம் இருந்தது என்று கேட்டால் இருளர் பழங்குடியினரிடம். மண்ணில் விழுந்த தடத்தையும், உரித்த சட்டையையும், வளை வாயிலின் பளபளப்பையும் பார்த்து உள்ளே என்ன பாம்பு என்று சொல்லக்கூடியவர்கள். ஒரு காலத்தில் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடையானது, பிழைப்பு ஒரேயடியாகப் போனது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது, மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கிறது. அங்கே மண்பானைகளில் மணல் போட்டு, ஒவ்வொன்றிலும் பாம்பை விட்டு, வாயைத் துணியால் கட்டி வரிசையாக வைத்திருப்பார்கள். ஒரு கொக்கிக் கம்பியால் பாம்பை வெளியே எடுத்து, தலையைப் பிடித்து, மேலே சவ்வு கட்டிய கண்ணாடிக் குடுவையில் கடிக்க விடுவார்கள், சில சொட்டு மஞ்சள் திரவம் உள்பக்கம் வழியும். மூன்று நான்கு வாரம் வைத்திருந்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டித் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள், அதே பாம்பை உடனே மறுபடி பிடித்துவிடக் கூடாது என்பதற்காக அந்த அடையாளம். நாடெங்கும் ஆஸ்பத்திரிகளில் ஏற்றப்படும் விஷமுறிவு மருந்தின் மூலப்பொருளில் பெரும்பங்கு இப்படி எடுத்ததுதான். இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் ஃபுளோரிடாவுக்குப் போய் அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள், 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. தகுதியான விருது, இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டியது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு, அதைப் பேசத்தான் வேண்டும். ஒரே இனப் பாம்பாக இருந்தாலும் ஊருக்கு ஊர் விஷத்தின் சேர்மானம் மாறுகிறது. செங்கல்பட்டுப் பக்கத்துக் கண்ணாடி விரியனின் விஷத்தை வைத்துச் செய்த மருந்து ராஜஸ்தானிலோ வடகிழக்கிலோ அதே அளவு வேலை செய்யும் என்று சொல்ல முடியாது என்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. அப்புறம் அந்த மருந்து நான்கு பாம்புகளுக்கானது. மலைப்பக்கத்து மூக்கு நிமிர்ந்த குழிவிரியனின் விஷத்துக்கு அது சரியாக வேலை செய்வதில்லை. வட்டாரத்துக்கு ஏற்ற மருந்து வர வேண்டும். அதற்குப் பணமும் முனைப்பும் வேண்டும், பாம்புக்கடியில் சாவது பெரும்பாலும் ஏழை விவசாயிகள் என்பதால்தான் இத்தனை காலம் அது யாருக்கும் அவசரமாகப் படவில்லை என்பது என் எண்ணம். உலக சுகாதார நிறுவனமே 2017-ல்தான் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்ப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது, அதாவது இனி அரசு, தனியார் எந்த மருத்துவமனைக்கு வந்தாலும் கணக்குக் கொடுத்தாக வேண்டும். நல்ல முடிவு. எங்கே எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்று தெரிந்தால்தானே மருந்தை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பு வைப்பது என்று தெரியும்.

இத்தனை அடையாளம் சொல்லிவிட்டு இதையும் சொல்லியாக வேண்டும்: கடிபட்ட பிறகு இந்த அறிவை நம்பி வீட்டில் உட்காரக் கூடாது. "ஓநாய்ப் பாம்பு மாதிரிதான் இருந்தது, பார்க்கலாம்" என்ற முடிவை இருட்டில், பதற்றத்தில் எடுக்க யாருக்கும் தகுதி இல்லை, எனக்கும் இல்லை. பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோகவும் வேண்டாம், இன்னொருவர் கடிபடுவார். தூர இருந்து ஒரு போட்டோ எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை, ஏனென்றால் நான்கு பாம்புக்கும் ஒரே மருந்துதான், டாக்டர் பார்ப்பது அறிகுறியை. ரத்தம் உறைகிறதா என்பதற்கு அவர்கள் செய்யும் சோதனை எவ்வளவு எளிமையானது என்று பாருங்கள். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் ஒன்றிரண்டு மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் வழிந்தால் விரியன் விஷம் வேலை செய்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் குழாயும் சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் தவறான பதில் காட்டிவிடும் என்பதால் புதுக் குழாய்தான் வேண்டும். முறிவு மருந்து முதலில் எட்டு முதல் பத்துக் குப்பி ஏற்றுவது வழக்கம், குழந்தைக்கும் அதே அளவுதான், பாம்பு குழந்தை என்று பார்த்து விஷத்தைக் குறைத்து ஏற்றுவதில்லையே.

கடித்த இடத்துக்கு மேலே கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கட்டு இறுகினால் விஷத்தோடு சேர்த்து ரத்த ஓட்டமும் போய்க் கை காலையே இழக்க நேரும். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிடுங்கள், எலும்பு முறிந்தால் எப்படி அசையாமல் வைப்போமோ அப்படிக் கட்டை வைத்துத் தளர்வாகத் துணி சுற்றி, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். 108-க்குச் சொல்லும்போதே பாம்புக்கடி என்று சொல்லிவிடுங்கள். மந்திரித்ததில் குணமானது, பச்சிலையில் குணமானது என்று சொல்பவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. கடித்தது விஷமில்லாத பாம்பாக இருந்திருக்கும், அல்லது விஷப்பாம்பே விஷத்தைச் செலுத்தாமல் கடித்திருக்கும், அதுவும் அடிக்கடி நடப்பதுதான். அவர் எதுவும் செய்யாமலிருந்தாலும் பிழைத்திருப்பார். அடுத்த ஆள் அதை நம்பிப் போகும்போது அதே அதிர்ஷ்டம் இருக்காது.

வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் பிள்ளைகளையும் நாயையும் வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, ஒருவர் மட்டும் தூரத்திலிருந்து அது எங்கே போகிறது என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள். கண்ணைவிட்டு மறைந்த பாம்பைத் தேடுவதுதான் பெரிய பாடு. தீயணைப்புத் துறைக்கு (101) சொல்லுங்கள், இல்லையென்றால் வனத்துறைக்கு. எந்தப் பாம்பாக இருந்தாலும் அடிப்பதும், அனுமதியில்லாமல் பிடித்து வைத்துக்கொள்வதும் சட்டப்படி குற்றம், யூடியூப் பார்த்துவிட்டுக் கொக்கியோடு வரும் பக்கத்துத் தெருப் பையனுக்கும் அது பொருந்தும். வாசலில் கொட்டிவைத்த செங்கல், மட்டை, ஓட்டுக் குவியலை எடுத்துவிட்டு, கதவின் கீழ் இடுக்கை அடைத்து, கோழித் தீவனமும் அரிசியும் சிந்தாமல் பார்த்துக்கொண்டால் எலி குறையும், எலி குறைந்தால் பாம்புக்கு உங்கள் வீட்டில் வேலை இல்லை. அப்புறம் பிடிக்க வருபவரிடம் மறக்காமல் ஒன்று கேளுங்கள்: எங்கே கொண்டுபோய் விடப் போகிறீர்கள்? தூரத்துக் காட்டில் விட்டால் நல்லது என்று நமக்குத் தோன்றும், ஆனால் அங்கே அதற்கு எந்த வளையும் தெரியாது, தண்ணீர் எங்கே என்று தெரியாது, அலைந்து திரிந்து ரோட்டில் அடிபட்டுச் சாவதுதான் அதிகம். அதே ஏரிக்கரையில், வீடுகளைத் தாண்டிய புதரில் விடச் சொல்லுங்கள்.